குசினிக்குள் ஒரு கொழும்பு

ஸுபைதா கொழும்பைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அதை மாத்தளையில் கட்டி முடித்துவிட்டாள். கட்டிய இடம் அவளுடைய மாமியார் வீடு. கடைத்தெருவிலிருந்து ஓர் ஒழுங்கை இறங்கிப் போய் ஒரு கிணற்றடியில் முடியும். அந்தக் கிணற்றை ஒட்டிய வீடு. கிணறுதான் துறைமுகம். முன் விறாந்தை கோட்டை ரயில் நிலையம். கோழிக்கூடு பார்லிமெண்ட். மாமியார் ஸைனம்பு பகல் முழுவதும் வெற்றிலை மென்றபடி உட்கார்ந்திருக்கும் கட்டிலுக்கு கஸ்டம்ஸ் என்று பெயர் வைத்திருந்தாள்.

இதை விளையாட்டு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஸுபைதா விளையாடுகிற ரகமில்லை. புருஷனோடு ஒரு கூரையின் கீழ் வாழ்வதற்கு அவளுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை அது. உலகத்தில் எந்தப் பெண்ணுக்கும் யாரும் விதிக்காத நிபந்தனை.

அவள் பிறந்தது இரத்தோட்டையில். வாப்பா பஸ் நிற்கும் இடத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. நின்றதே தவிர, அவளுடைய வாய் நிற்கவில்லை. எதையும் இரண்டு தடவை கேட்பாள்; பதில் சரியில்லையென்றால் மூன்றாம் தடவையும் கேட்பாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் அவளுடைய உம்மா, "புள்ள கொஞ்சம் பேசுவா, ஆனா வேலைக்காரி" என்று சொல்லிவிட்டார். ஸைனம்புவின் காதில் அந்த இரண்டாவது பாதி மட்டும்தான் விழுந்தது.

மாப்பிள்ளை பதுர்தீன் கொழும்பில் ஒரு பெரிய புடவைக் கடையில் விற்பனையாளன். வெள்ளைக்கார நோனாமார் வந்து துணி வெட்டிக்கொண்டு போகும் கடை. அதனால் அவனுக்கு இங்கிலீசு தெரியும். அவனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால், அவனுடைய வெள்ளைச் சட்டை எப்போதும் வெள்ளையாகவே இருக்கும். அதை வெளுத்துக் கொடுத்தது யார் என்று கேட்டால் அந்த நல்ல வார்த்தையும் போய்விடும்.

நிக்காஹ் முடிந்து பத்து நாளில் அவன் ரயிலேறினான். வீடு பார்த்துவிட்டு அழைப்பான் என்று ஸுபைதா இருந்தாள். அவன் வாழைத்தோட்டத்தில் இரண்டு அறையுள்ள வீடு பார்த்தான். தம்பி புஹாரியையும் கூட்டிப்போய் வைத்துக்கொண்டான். ஸுபைதாவை அழைக்கவில்லை. மாதத்துக்கு ஒருதடவை வந்து, நன்றாகச் சாப்பிட்டு, அழுக்குச் சட்டைகளைக் கொடுத்து வெளுத்த சட்டைகளை வாங்கிக்கொண்டு திரும்பிப் போனான்.

அந்த வீட்டில் சும்மா இருக்க நேரமிருந்ததென்று நினைக்காதீர்கள். மாமனார் மௌத்தான பிறகு ஸைனம்பு வியாபாரத்தை விடவில்லை. கிராமத்து ஆட்கள் பச்சையாகக் கொண்டுவரும் மிளகும் கராம்பும் கொக்கோவும் அந்த முற்றத்தில்தான் இறங்கும். கொக்கோவைச் சாக்குப் போட்டு மூடிப் புளிக்க வைக்க வேண்டும். மிளகைக் கொத்திலிருந்து உதிர்த்துக் காயவிட வேண்டும். கராம்புதான் எல்லாவற்றிலும் மோசம். கொத்துக் கொத்தாக வரும். பூவை ஒரு பக்கமும் காம்பை ஒரு பக்கமுமாகக் கையாலேயே கிள்ளிப் பிரிக்க வேண்டும். பிறகு பாயில் பரப்பி, கறுக்கும்வரை வெயிலோடும் மழையோடும் மல்லுக்கட்ட வேண்டும். இதெல்லாம் ஸுபைதாவின் தலையில். கோவிலுக்குப் பின்னாலிருந்து கூலிக்கு வரும் பாலாமணியும் இன்னும் இரண்டு பெண்களும் பொழுது சாய்ந்தால் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஸுபைதாவுக்குப் போக வேறு வீடில்லை.

மூன்றாவது வருஷம் அவள் நேராகவே கேட்டாள். பதுர்தீன் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"என்னை எப்ப கூட்டிட்டுப் போறீங்க?"

"எங்கே?"

"கொழும்புக்கு. உங்க வீட்டுக்கு."

அவன் உம்மாவைப் பார்த்தான். ஸைனம்பு வெற்றிலையைப் பார்த்தாள்.

"கொழும்புன்னா இரத்தோட்டைன்னு நெனச்சியா?" என்றான். "கொழும்பு பெரிய ஊரு, ஸுபைதா. பஸ்ஸுல போர்டு இங்கிலீசு, ஆஸ்பத்திரியில இங்கிலீசு, ரோட்டுல ஒரு ஆள் வந்து ஏதாவது கேட்டா அதுவும் இங்கிலீசு. நீ முழிச்சிட்டு நிப்பே. என் மானம்தான் போகும்."

"அப்ப சொல்லிக் குடுங்க. படிக்கிறேன்."

அவன் எதிர்பாராத பதில் அது. சிரித்தான். பிறகு யோசித்தான், யோசித்ததும் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவு எதனால் என்று ஸுபைதாவுக்கு அப்போது விளங்கவில்லை.

"சரி. ஒவ்வொரு இடமா சொல்லித் தாரேன். ஒவ்வொரு இடத்துலயும் இருக்கிற சாமானுக்கு என்ன பேருன்னு படிக்கணும். கொழும்பு முடிஞ்ச அண்டைக்கு உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

"அல்லாஹ் மேல சொல்லுங்க."

"படிச்சு முடி, பார்ப்போம்."

அது ஐம்பத்தாறாம் வருஷம். இனி எல்லாம் சிங்களம்தான் என்று கடைத்தெருவே பேசிக்கொண்டிருந்தது. சிலர் சந்தோஷத்தில் பேசினார்கள், சிலர் பயத்தில். நாடே இங்கிலீசை வாசலுக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில்தான் இந்த ஒழுங்கையில் ஒருத்தி அதை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். "அரசாங்கமே வேணாங்குது, உங்களுக்கு என்னாத்துக்குங்க?" என்று பாலாமணி கராம்பு கிள்ளியபடி கேட்டாள். "அரசாங்கமா எனக்குப் புருஷன்?" என்றாள் ஸுபைதா.

முதல் பாடம் கோட்டை ரயில் நிலையம். பிளாட்போம், டிக்கட், போர்ட்டர், கார்ட், சிக்னல். ஒவ்வொன்றும் என்னவென்று அவன் சொன்னான். அடுத்த மாதம் வந்து கேட்பேன் என்றும் சொன்னான். எழுதி வைத்துப் படிக்க அவளுக்கு ஏது ஓய்வு? கை எப்போதும் கராம்பிலோ மிளகிலோ இருந்தது. ஆகவே சொற்களை வீட்டுக்குள்ளேயே கட்டிப் போட்டாள். விறாந்தைத் திண்டு பிளாட்போம். அரிசி மூட்டை தூக்குகிறவன் வந்தால் போர்ட்டர். ஒழுங்கை முனையில் யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்துச் சொல்லும் பக்கத்து வீட்டு ஸித்தி சிக்னல். ஒரு நாளைக்கு எத்தனை தடவை விறாந்தையைக் கூட்டினாலும் அத்தனை தடவையும் கோட்டையில் இறங்கி ஏறினாள்.

அடுத்தது துறைமுகம். ஷிப், கிரேன், அங்கர். கிணற்றில் வாளி ஷிப், கப்பி கிரேன். வாளி அறுந்து விழுந்தால் கொளுவி எடுக்கிற பாதாளக்கரண்டிதான் அங்கர். கஸ்டம்ஸுக்கு அவள் இடம் தேடவே இல்லை. அவன் அர்த்தம் சொன்னதும், உள்ளே வருவதையும் வெளியே போவதையும் மறித்து, திறந்து பார்த்து, கேள்வி கேட்டு, தனக்கொரு பங்கை எடுத்துக்கொண்டு விடும் இடம் அந்த வீட்டில் எதுவென்று அவளுக்குத் தெரியும். செர்ச், டியூட்டி, சீல். மாமியாரின் கட்டிலைத் தாண்டும்போதெல்லாம் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பார்லிமெண்ட் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. மெம்பர், ஸ்பீச், வோட்டு. விடியும் முன்பே அத்தனை கோழியும் ஒரே நேரத்தில் பேசும். முட்டை என்னவோ ஒன்றோ இரண்டோதான். காலிமுகத்திடல் காயவிடும் முற்றம். ரேஸ் கோர்ஸ், குசினிக்கும் முற்றத்துக்கும் நடுவிலிருந்த பாதை: மழை இருட்டிக்கொண்டு வந்தால் பாயைச் சுருட்ட ஓடுகிற குதிரை ஸுபைதாவேதான், பந்தயம் கட்டிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பது மாமியார்.

ரேஸ் கோர்ஸும் முடிந்த மாதம் பதுர்தீன் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டான். அவள் சொன்னாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. அவன் முகம் சுருங்கியது.

"சரி. ஆனா கறுவாத்தோட்டம் இருக்கே. பெரிய பெரிய ஆளுங்க இருக்கிற இடம். அது தெரியாம முடியாது."

கறுவாத்தோட்டம் முடிந்தது, மியூசியம் வந்தது. அது முடிந்தது, டவுன் ஹோல் வந்தது. பொரளை, மருதானை, கொம்பனித்தெரு. மூச்சு விடாமல் அவள் ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கும்போதும் அவன் ஏப்பம் விட்டு, கையைத் துடைத்து, அதே வார்த்தையைச் சொல்வான்.

"கொழும்பு பெரிய ஊரு, ஸுபைதா. இன்னும் இருக்கு."

அவள் கட்டக் கட்ட அந்த ஊர் பின்னால் நகர்ந்துகொண்டே போனது. ஒரு வருஷம் போனது, இரண்டு வருஷம் போனது. ஐம்பத்தெட்டில் கலவரம் வந்தபோது அவன் மூன்று மாதம் வரவில்லை. அதற்குப் பிறகு வந்தபோதும், உயிரோடு வந்தானே என்று அவள் அழுது முடிப்பதற்குள் தெஹிவளைப் பாடத்தைத் தொடங்கிவிட்டான்.

ஒரு விஷயம் மட்டும் ஸுபைதாவுக்கு உறுத்தியது. ஸைனம்புவுக்கு மருமகள் செய்கிற எதுவும் பிடிக்காது. உப்புக் கூடினாலும் குறைந்தாலும் வசவு. தலை முந்தானை நழுவினால் வசவு, தொழுகையில் நேரம் எடுத்தால் வசவு. ஆனால் இந்த இங்கிலீசைப் பற்றி ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. "பாடம் இருக்காமே, படி" என்று தானாகவே சொல்வாள். பகையாளி வழிவிட்டு நிற்கிறாள் என்றால் அந்த வழி எங்கேயோ முட்டுச்சுவரில் முடிகிறது என்று அர்த்தம். ஸுபைதா அதைப் புரிந்துகொள்ளாமல் இருந்தாள் என்பதை நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது. ஆசை கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன.

பிள்ளையில்லை என்ற பேச்சு ஒழுங்கைக்குள் கிளம்பியது. கிளப்பியவள் ஸைனம்பு. ஒரு வெள்ளிக்கிழமை உறவுக்காரப் பெண்கள் நாலு பேர் இருக்கும்போது, "விதைச்ச நிலம் சரியில்ல" என்றாள், ஸுபைதாவின் காதுபட.

"விதைக்கிற ஆள் மாசத்துக்கு ரெண்டு நாள்தானே வாறாரு, மாமி" என்றாள் ஸுபைதா, தேத்தண்ணியை நீட்டியபடி. "அதுலயும் ஒரு நாள் எனக்குப் பாடம்."

அதன் பிறகு அந்தக் கட்டிலிலிருந்து ஒரு மாதம் அவளோடு பேச்சில்லை. அந்த ஒரு மாதம்தான் அந்த வீட்டில் அவள் நிம்மதியாக இருந்த காலம்.

அறுபதாம் வருஷம் புஹாரிக்குக் கல்யாணம் நடந்தது. பெண் ஹிதாயா, அக்குறணையில் வசதியான வீடு. கையில் மருதோன்றி சிவந்திருக்க, கால் மேல் கால் போட்டு அமர்ந்திருக்கும், நல்ல மனசுள்ள பெண். அவளிடம் ஸுபைதாவுக்குக் கோபம் இருந்ததில்லை. கல்யாணம் முடிந்து மூன்றாவது வாரம் அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கே போறே, ஹிதாயா?"

"கொழும்புக்கு, மதினி. வாழைத்தோட்டத்துக்கு. பெரிய மச்சான் ஒரு அறையைக் காலி பண்ணிக் குடுத்திருக்காங்களாம்."

ஸுபைதா கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

"உனக்கு இங்கிலீசு தெரியுமா?"

ஹிதாயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இங்கிலீசா? எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். கொழும்புக்கு அது என்னத்துக்கு மதினி? அங்கே பக்கத்து வீடெல்லாம் நம்ம ஆளுங்கதானாம்."

ஸுபைதா நேராகக் கட்டிலுக்குப் போனாள். நாலு வருஷமாக அதைத் தாண்டும்போது உதட்டுக்குள் முணுமுணுத்தவள், அன்றைக்கு எதிரே நின்று உரத்துக் கேட்டாள்.

"ஹிதாயாவுக்கு ஏன் மாமி பாடமில்ல?"

ஸைனம்பு அவசரப்படவில்லை. பாக்கை வெட்டி முடித்தாள்.

"அவ வசதியா வளர்ந்த புள்ள. அவளுக்குக் கராம்பு கிள்ளத் தெரியாது."

அவ்வளவுதான். ஒளிக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. கூலி கேட்காத இரண்டு கையை மாத்தளையில் நிறுத்தி வைக்க, மகன் கொழும்பு முழுவதையும் வேலியாகக் கட்டியிருக்கிறான். உம்மா அந்த வேலிக்குக் காவல் இருந்திருக்கிறாள். ஸுபைதாவுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அதை அவள் யாருக்கும் காட்டவில்லை. குசினிக்குப் போய் அன்றைய சோற்றை வடித்தாள்.

ஆனாலும் ஒரு தடவை கேட்டுப் பார்க்காமல் விடுகிற குணம் அவளுக்கில்லை. அடுத்த மாதம் பதுர்தீன் வந்ததும் கேட்டாள்.

"அவளோட புஹாரி இருக்கான், பார்த்துக்குவான்" என்றான்.

"என்னோட நீங்க இருக்க மாட்டீங்களா?"

"பேச்சை வளர்க்காதே. இன்னும் மிருகக்காட்சிசாலை பாக்கி இருக்கு."

அவன் உண்மையாகவே அதைச் சொன்னான். வெட்கமில்லாமல், மீன் முள்ளைத் தட்டோரத்தில் ஒதுக்கிக்கொண்டே சொன்னான். ஸுபைதா தண்ணீர்க் குவளையை அவன் பக்கம் நகர்த்தினாள். "சரி, சொல்லுங்க" என்றாள். மங்கி, டொங்கி, ஸ்நேக், கேஜ். அவன் சொல்லச் சொல்ல அவளும் சொன்னாள். இந்த இடத்துக்கு வீட்டில் எந்த மூலையை ஒதுக்குவது என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மார்கழியில் கராம்பு இறங்கத் தொடங்கியது. அந்த வருஷம் நல்ல விளைச்சல். முற்றம் நிறைந்து விறாந்தைவரை பாய் விரித்தார்கள். கராம்பு கிள்ளுகிற வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பூ வீட்டுக்காரருக்கு, காம்பு கிள்ளுகிறவளுக்கு. எண்ணெய் வடிக்கிறவர்கள் வந்து காம்பை வாங்கிப் போவார்கள். பாலாமணி தன் பங்கைச் சாக்கில் கட்டிக்கொண்டு போவாள். ஸுபைதாவின் பங்கு மட்டும், "வீட்டு ஆளுக்கு என்னாத்துக்குத் தனியா" என்று கட்டிலுக்கடியில் போய்விடும். இந்த வருஷம் அவள் கிள்ளிய காம்பு கொஞ்சங் கொஞ்சமாகப் பாலாமணியின் சாக்குக்குள் போனது.

"மாட்டிக்கிட்டா என்னைத்தான் கேப்பாங்க" என்றாள் பாலாமணி.

"கேட்டா என் பேரைச் சொல்லு. என் உரிமையை நான் எடுக்கிறேன், களவு இல்ல."

தை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடை மூடியிருக்கும், அவன் வீட்டில் இருப்பான் என்று கணக்குப் பார்த்துத்தான் அந்த நாளை எடுத்தாள். சுபஹ் தொழுதுவிட்டு, நல்ல சேலையைக் கட்டி, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டு, பையோடு கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றாள். பையைத் திறந்து மாமியாரின் மடிக்கு நேரே வைத்தாள்.

"பாருங்க மாமி. ரெண்டு சேலை, ஒரு தொழுகைத் துணி. உங்க வீட்டுச் சாமான் ஒண்ணுமில்ல."

ஸைனம்பு பையையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள். "எங்கே புறப்பட்டே?"

"கொழும்புக்கு. பாடம் முடிஞ்சிடுச்சு."

"தனியாவா? ஒழுங்கையில யாராவது பார்த்தா? கராம்பு முற்றம் நெறைய கெடக்கு. யாரைக் கேட்டுப் போறே?"

"இவ்வளவு காலமும் கேட்டுத்தானே இருந்தேன்."

கட்டிலிலிருந்து வந்த வசவுகளை இங்கே எழுதினால் கடதாசி கெட்டுப்போகும். ஒழுங்கை முனைவரை அவை பின்னாலேயே வந்தன. ஸித்தி கதவிடுக்கால் எட்டிப் பார்த்தாள். ஸுபைதா தலை நிமிர்ந்தே நடந்தாள். உள்ளுக்குள் பயம் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

மாத்தளை நிலையத்தில், பாலாமணி காம்பு விற்றுக் கொடுத்த காசை நீட்டி டிக்கட் கேட்டாள், சிங்களத்தில். கொடுத்தவனும் சிங்களத்திலேயே சொன்னான், கண்டியில் இறங்கி மாறு என்று. கண்டியிலிருந்து பெண்கள் பெட்டியில் ஏறினாள். பக்கத்திலிருந்த ஒரு கிழவி கேகாலைப் பக்கம் மகள் வீட்டுக்குப் போகிறவள். தோடம்பழம் உரித்துக் கொடுத்தாள். வழி முழுக்க ஸுபைதா மனதுக்குள் தன் பாடங்களை ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். எந்த இடத்தில் யார் மறித்து எதைக் கேட்டாலும் சொல்லிவிட வேண்டும்.

கோட்டையில் இறங்கினாள். பிளாட்போம் இருந்தது. போர்ட்டர் இருந்தான், அவன் சிவப்புச் சட்டையில் சிங்களத்தில் கத்திக்கொண்டிருந்தான். அவளை யாரும் மறிக்கவில்லை. வெளியே வந்து ஒரு பஸ்காரனிடம் சிங்களத்தில் வழி கேட்டாள். அவன் கையைக் காட்டினான். புறக்கோட்டையில் ஒரு பழக்கடைக்காரரிடம் தமிழில் கேட்டாள். "வாழைத்தோட்டமா? நேரா போய்க் கேளுங்க, எல்லாம் நம்ம ஆளுங்கதான்" என்றார். கேட்டாள். இன்னொருத்தர் வீட்டு வாசல்வரை கூட்டி வந்தே விட்டார். ரயிலிலிருந்து அந்த வாசல்வரை ஒரு இங்கிலீசுச் சொல் அவளுக்குத் தேவைப்படவில்லை. ஒன்றுகூட இல்லை. அந்த வாசலில் நின்றபோதுதான் அவளுக்கு அதன் பாரம் முழுவதும் தெரிந்தது. தன்னுடைய இத்தனை வருஷத்தையும் ஒருத்தன் ஏப்பத்தோடு சேர்த்து விழுங்கியிருக்கிறான்.

ஹிதாயா கதவைத் திறந்தாள். வயிறு கொஞ்சம் தெரிந்தது. "மதினி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு உண்மையாகவே சந்தோஷம். உள்ளே பதுர்தீன் இடுப்பில் சாரத்தோடு பாயில் சாய்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான். முதலில் அவளுக்குப் பின்னால் பார்த்தான், கூட வந்தது யார் என்று. யாருமில்லை. பிறகு அவளைப் பார்த்தான்.

எப்படி வந்தாய் என்று அவன் கேட்கவில்லை. வழி தெரிந்ததா என்று கேட்கவில்லை.

"உம்மாவுக்கு யாரு ஆக்கிப் போடுறது?" என்றான். "கராம்பு காயப் போட்டிருக்கே. மழை வந்தா யாரு அள்ளுறது?"

ஹிதாயாகூடத் தலையைக் குனிந்துகொண்டாள். ஸுபைதா பையைச் சுவரோரமாக வைத்தாள். முந்தானையைச் சரிசெய்து, அவன் எழுந்த பாயிலேயே உட்கார்ந்தாள். கால் வலித்தது.

"கோட்டையில பின்னேரக் கோச்சி இருக்கு" என்றாள். "நீங்க போங்க."

"நானா?"

"உங்க உம்மா, உங்க கராம்பு. மாத்தளைக்குப் போக இங்கிலீசு ஒண்ணும் தேவையில்லையே."

அவன் முகம் கறுத்தது. பக்கத்து அறையிலிருந்து புஹாரி எழுந்து வந்து, நிலைமையைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் உள்ளே போனான்.

"வாயை அடக்கிப் பேசு" என்றான் பதுர்தீன். "நான் ஒரு வார்த்தை சொன்னா நீ எங்கே நிப்பேன்னு யோசிச்சுக்க."

"சொல்லுங்க. நீங்க எந்த பாஷையில சொன்னாலும் எனக்கு விளங்கும்."

அவன் வாயைத் திறந்தான். மூடினான். தலாக் என்ற அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் நாளைக்கு முற்றத்துக் கராம்பைக் கிள்ள யார் இருக்கிறார்கள் என்ற கணக்கு அவன் முகத்தில் ஓடியதை ஸுபைதா பார்த்துக்கொண்டே இருந்தாள். பெருமையாக இல்லை அவளுக்கு, அருவருப்பாக இருந்தது. இந்த ஆளோடு ஒரு கூரையின் கீழ் வாழத்தானா இவ்வளவும் என்று ஒருகணம் தோன்றியது. ஆனால் வந்தாகிவிட்டது. கூரையாவது கிடைக்கட்டும்.

"ஹிதாயா, தண்ணி எங்கே எடுக்கிறது?"

"வெளியே பைப்படியில மதினி. வரிசையில நிக்கணும்."

வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவன் இத்தனை வருஷமாகச் சொல்லாத கொழும்பு அங்கே கிடந்தது. திறந்த சாக்கடைக் கான். அதைத் தாண்டிப் போட்ட ஒற்றைப் பலகை. குழாயடியில் வாளிகளின் நீள வரிசை. இடம் பிடித்ததற்காக இரண்டு பெண்கள் நல்ல தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இதில் எதற்கும் அவளிடம் இங்கிலீசுச் சொல் இல்லை. அவள் வாளியைக் கடைசியில் வைத்தாள்.

"புதுசா? எந்த ஊரு?" என்று முன்னால் நின்றவள் கேட்டாள்.

"மாத்தளை. இனிமே இங்கதான்."

தண்ணீர் மெதுவாகத்தான் வந்தது. அவளுடைய முறை வருவதற்கு முன்பே பதுர்தீன் வெளியே வந்தான், வெள்ளைச் சட்டையும் கையில் பையுமாக. போகத்தான் வேண்டும், வேறு வழியில்லை. வானம் இருட்டிக்கொண்டிருந்தது, பாயில் கிடப்பது ஒரு வருஷத்து விளைச்சல். பலகையைத் தாண்டியவன் அவளருகே வந்து நின்றான். வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"எப்ப முடியும்னு தெரியல" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு. "கராம்பு கிள்ளி, காயவச்சு, உம்மாவுக்கும் ஒரு ஆளைப் பார்த்து... நான் வர எத்தனை நாளாகுமோ."

ஸுபைதா வாளியைக் குழாயடிக்கு ஓரடி நகர்த்தினாள்.

"அவசரமில்ல, ஆறுதலா வாங்க" என்றாள். "மாத்தளை பெரிய ஊரு."